குருசுமலை இறக்கமும் ஒரு சைக்கிள் சவாரியும்

போன ஜனவரியில் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது செய்த ஒரு வீரதீரச் செயலைப் பற்றிச் சொல்ல வேண்டும். முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது, மறக்க வழியே இல்லை.

எங்கள் ஊர் பாறசாலைக்குப் பக்கம். கேரளாதான், ஆனால் வீட்டில் தமிழ். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளாவிலேயே நின்றுவிட்டது. அதனால் அத்தை வீடு தமிழ்நாடு, எங்கள் வீடு கேரளா. கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் எல்லை தாண்டித்தான் ஆகணும்.

அக்கா மகனுக்கு மலைச்சைக்கிள் பைத்தியம். "மாமா, வெள்ளறடை குருசுமலைப் பக்கம் போவோமா?" என்றான். எனக்கும் என் பதினாலு வயசுப் பையனுக்கும் சேர்த்து இரண்டு சைக்கிள் இரவல் வாங்கி வந்தான். முன்பக்கம் சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக் எல்லாம் உண்டு. வங்கியில் கடன் கேட்டு வருகிறவர்களின் ரிஸ்க்கை எடை போடுவது என் வேலை. நாற்பத்தாறு வயசில், தொப்பையோடு, என் ரிஸ்க்கை மட்டும் எடை போட மறந்துவிட்டேன்.

காரக்கோணம், பனச்சமூடு வழியாக வெள்ளறடை வரை நல்ல ரோடு. அதற்கு மேல்தான் விஷயம். தவக்காலத்தில் ஆயிரக்கணக்கான பேர் சிலுவைப்பாதை சொல்லிக்கொண்டு ஏறுகிற மலை அது. நாங்கள் போனபோது ஆள் இல்லை. மேடு முழுக்கத் தள்ளிக்கொண்டுதான் ஏறினோம். இறங்கும்போது மருமகன் ரப்பர் தோட்டம் வழியாக ஒற்றையடிப் பாதை ஒன்றைக் காட்டினான்.

ரப்பர் மரம் இலை உதிர்க்கிற காலம் அது. பாதை முழுக்கச் சருகு. மழைத்தண்ணீர் அறுத்த பள்ளமும், வேரும், செம்பாறைக் கல்லும் சருகுக்கு அடியில் ஒளிந்திருக்கும். "சீட்டை இறக்கி வைங்க, உடம்பைப் பின்னால தள்ளுங்க, முன் பிரேக்கை ஒரேயடியா அமுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு மருமகன் பறந்துவிட்டான்.

முதல் செங்குத்தில் என் பையன் இறங்கிவிட்டான். "அப்பா, நான் நடந்து வரேன்."

"இதுக்கெல்லாம் பயந்தா எப்படிடா? உன் வயசுல நான்..." என்று ஆரம்பித்தேன். அவன் முகம் சிவந்தது. ஒன்றும் பேசவில்லை. அவனுக்குக் காட்டுவதற்காகவே நான் ஓட்டினேன்.

பத்து மீட்டர் போயிருப்பேன். சருகில் சக்கரம் வழுக்கியதும் பயத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். சைக்கிள் நின்றது, நான் நிற்கவில்லை. முழங்கால் கல்லில், உள்ளங்கை வேரில். ஹெல்மெட்டில் ஒரு விரிசல். அது இல்லையென்றால் இதை எழுத ஆள் இல்லை.

பால் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ஓடி வந்து தூக்கிவிட்டார். "என்ன மக்களே, இந்த எறக்கத்துல சவுட்டிட்டா வந்தா? மரச்சீனிச் சாக்கு கொண்டுபோனவனெல்லாம் இங்க எறங்கித்தான் தள்ளுவான்" என்றார்.

அப்போதுதான் என் அப்பா ஞாபகம் வந்தது. பனச்சமூடு சந்தைக்கு மரச்சீனி கொண்டுபோகிற பழைய சைக்கிள். பிரேக் இருந்தும் இல்லாத மாதிரி. இறக்கம் வந்ததும் அப்பா இறங்கி ஹேண்டிலைப் பிடிப்பார்; கேரியரைப் பின்னால் இழுத்துப் பிடிப்பது என் வேலை. நான்தான் பிரேக். "உன் வயசுல நான்" சைக்கிளில் ஏறியதே இல்லை, தள்ளிக்கொண்டுதான் நடந்தேன்.

என் பையனிடம் அந்தக் கதையைச் சொன்னேன். சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். "பரவால்லப்பா" என்றான். நான் நொண்டிக்கொண்டே ஹேண்டிலைப் பிடித்தேன். அவன் தன் சைக்கிளைப் பெரியவரிடம் விட்டுவிட்டு வந்து என் சீட்டைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டான். அப்படியே கீழே வந்து சேர்ந்தோம். அவன் சைக்கிளை மருமகன் ஏறிப்போய் எடுத்து வந்தான்.

வழியில், "அப்பா, இப்ப நாம இருக்கிறது கேரளாவா, தமிழ்நாடா?" என்று கேட்டான். எனக்கும் தெரியவில்லை.

பசங்களோடு ஊருக்குப் போகிறவர்கள் தாராளமாகப் போய்ப் பாருங்கள். மழைக்காலம் வேண்டாம், செம்மண் வழுக்கும். ஹெல்மெட் கட்டாயம். முக்கியமாக, பையன் இறங்கி நடக்கிறேன் என்றால் நீங்களும் இறங்கிவிடுங்கள்.