ரெண்டு பேரேடு, ஒரே சாவி

தலைப்பைப் பார்த்து அக்கவுண்ட்ஸ் பாடம்னு நினைச்சு வந்த பி.காம். மக்களே, இது கம்ப்யூட்டர் சமாச்சாரம். ஆனா பேரேடும் உண்டு, ஓடிடாதீங்க :-)

ரெய்டு 1 என்றால் இரண்டு ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரே விஷயத்தை ஒரே நேரத்தில் எழுதுவது. பில் புக்கில் கார்பன் வைத்து எழுதுகிற மாதிரி. ஒன்று செத்தாலும் மற்றதில் கணக்கு இருக்கும். நான் சாயங்காலம் கணக்கு எழுதப் போகிற டவுன் மொத்தக்கடையில், டாலி டேட்டா கிடக்கும் உபுண்டு கம்ப்யூட்டரில் இதை நம்பித்தான் இரண்டு டிஸ்க் போட்டிருந்தார்கள்.

போன மாசம் 18-ஆம் தேதி அதில் ஒன்று செத்தது. 20-க்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-3பி போட்டாக வேண்டும். "அதான் ரெண்டு கெடக்குல்லா தம்பி, பொறவு என்ன?" என்றார் அண்ணாச்சி. நியாயமான கேள்வி. கம்ப்யூட்டரோ பூட் செய்ய டிஸ்க்கே இல்லை என்று கறுப்புத் திரையில் அடம்பிடித்தது.

பழைய பயாஸ், டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் படித்து அதிலிருக்கும் குட்டி புரோகிராமை ஓட்டும். யூ.இ.எஃப்.ஐ. அப்படியில்லை. ஃபேட் வடிவில் ஒரு சின்ன பார்ட்டிஷனைத் தேடி, அதற்குள் இருக்கும் பூட் லோடர் ஃபைலைத் திறக்கும். எந்த டிஸ்க், எந்த பார்ட்டிஷன் என்று மதர்போர்டிலேயே குறித்தும் வைத்துக்கொள்ளும். லினக்ஸ் ரெய்டு என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. ஆக, பேரேடு ரெண்டு டிஸ்க்கிலும் பத்திரம். கடைச்சாவி மட்டும் செத்த டிஸ்க்கில்! மற்றதில் அதே இடம் காலியாகக் கிடந்தது.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் அறைத்தோழனைப் பிடித்து இழுத்துப் போனேன். பென்டிரைவில் உபுண்டுவை ஓட்டி, ஒற்றைக்காலில் நின்ற ரெய்டை எழுப்பி, காலி பார்ட்டிஷனை ஃபேட் ஆக்கி, அதில் கிரப்பைப் போட்டோம். எஃப்ஸ்டாப் ஃபைலில் பழைய பார்ட்டிஷனின் அடையாள எண் இருந்தது; அதை மாற்றாவிட்டால் பாதி எழுந்து நின்றுவிடுமாம். 19 ராத்திரி டாலி திறந்தது. ரிட்டர்ன் போயாச்சு.

புது டிஸ்க் வந்ததும் அதிலும் ஒரு சாவி. உபுண்டு 20.04 முதல் இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட பார்ட்டிஷன்களைக் காட்டிவிட்டால் கிரப் அப்டேட் எல்லாவற்றிலும் எழுதிவிடும். அந்தச் சின்ன பார்ட்டிஷனையே ரெய்டுக்குள் வைப்பவர்களும் உண்டு. ரெய்டு குறிப்பைக் கடைசியில் எழுதும் 1.0 வடிவம் என்றால் ஃபர்ம்வேர் அதைச் சாதா ஃபேட் என்றே நம்பும். ஆனால் ஃபர்ம்வேர் அதில் ஏதாவது எழுதிவிட்டால் ரெண்டும் ரெண்டு கணக்காகிவிடும். எனக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் ஒவ்வொரு டிஸ்க்காகக் கழற்றி பூட் செய்து பார்த்தோம். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டியவர், மாட்டிக்கொடுத்துக் காசு வாங்கினவர்.

இன்னொன்று. 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி ஊருக்குள் வந்ததே, அந்தத் தண்ணீருக்கு ரெய்டு தெரியாது. ஒரே பெட்டியில் இருக்கும் ரெண்டு டிஸ்க்கும் சேர்ந்துதான் முங்கும். தப்பாக அழித்த ஃபைலும் ரெண்டிலும் சேர்ந்தே அழியும். கம்பெனிகள் கணக்கைத் தினமும் பேக்கப் எடுக்க வேண்டும் என்று 2022-ல் விதி திருத்தினார்கள். மொத்தக்கடைக்கு அந்த விதி கிடையாது. இருந்தாலும் இப்போது மூணாவதாக ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க், சனிக்கிழமை தோறும் அண்ணாச்சி பைக்கில் பாளையங்கோட்டை வீட்டு மாடிக்குப் போகிறது.