குளிர் நீங்கி வன்னி புகல்

நுவரெலியா கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,870 மீற்றர் மேலுள்ளது. அங்குப் பணியாற்றிய எமக்கு வாய்த்த மகவுக்கோ அவ்வூர்க் குளிரில் மூச்சிரைப்பு மிகுந்தது. வெப்பமான இடமே நன்றென வைத்தியர் மொழிய, வன்னிக்கு இடமாற்றம் வேண்டினோம்.

குறிஞ்சிக்குக் குளிர்காலத்தையும் முல்லைக்குக் கார்காலத்தையும் வகுத்தார் தொல்காப்பியர். திணை மாறுதல் எளிது. தக்க ஊரைத் தேர்தலே அரிது. முன்னாளில் வன்னியென்றால் மலேரியா அச்சமே முந்தும். இலங்கை மலேரியா அற்ற நாடென 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தமையால் அவ்வச்சம் அகன்றது. எனினும் வெப்பம் மட்டும் மருந்தாகாது. கோடைப் புழுதியும் மார்கழிப் பனியும் மூச்சுக்குப் பகையே. ஆதலின் நள்ளிரவில் வைத்தியசாலையை எத்துணை விரைவில் அடையலாமென்பதையே அளவுகோலாகக் கொண்டோம். முல்லைத்தீவின் கடற்காற்றும் உட்கிராமத்துக் காட்டுநிழலும் எம்மை ஈர்த்தன. ஆயினும் வைத்தியசாலையும் பாடசாலையும் அண்மையிலுள்ள கிளிநொச்சி நகரில் வீடு கொண்டோம்.

1977 கலவரத்தின்பின் மலையகத்தார் பலர் மக்களைச் சுமந்து இவ்வன்னிக்கே வந்தனர். ஊர் தேரும் பேறு அவர்க்கு இல்லை. காடு திருத்திக் கழனி கண்டனர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று எம்மிடம் தமிழ் பயில்கின்றனர். வன்னி இடமாற்றத்தைத் தண்டனையெனக் கருதும் ஆசிரிய நண்பர்காள், இதனைச் சற்றே எண்ணுமின்!