மூன்று புள்ளிக்குள் ஒளிந்த வாசல்

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசல் மிதித்த முதல் ஆள் நான்தான்.

பாலசமுத்திரத்தில் கொய்யா பறிக்கப் போகும் அம்மாவின் கூலிக் கணக்கிற்காக ஓர் ஆண்ட்ராய்டு செயலி செய்தேன். 'சேமி' கட்டளையை ஆப்ஷன்ஸ் மெனுவில் போட்டேன். அம்மா தேடித் தேடிப் பார்த்துவிட்டு, "எங்க சாமி இருக்கு? படிக்காதவளுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்றார்.

தப்பு அம்மாவுடையது அல்ல. முன்பெல்லாம் மெனு பொத்தான் போனிலேயே இருந்தது. 2011-இல் ஆண்ட்ராய்டு 3.0 ஆக்‌ஷன் பாரைக் கொண்டுவந்தது. அதில் இடம் கேட்காத கட்டளைகள் மூன்று புள்ளிக்குள் போய்விடும். நான் கேட்கவே இல்லை!

மெனு கோப்பில் 'ஷோஆஸ்ஆக்‌ஷன்' என்பதற்கு 'ஆல்வேஸ்' கொடுத்து, டிக் படமும் சேர்த்தேன். பொத்தான் மேலே வந்து நின்றது. அம்மா தானே தொட்டார், சிரித்தார்.

நண்பர்களே, முதலில் உள்ளே போனவன் வாசலை ஒளித்து வைக்கலாமா?