துவாரங்களின் இலக்கணம்

டூ-ஸ்ட்ரோக் இஞ்சினுக்குள் மூச்சிழுப்பதையும் விடுவதையும் கவனித்துக்கொள்ள கேம், வால்வு, ஸ்பிரிங் என்ற நிர்வாகம் கிடையாது. கலவை நுழையும் வழியில் ஒரு ரீட் இருக்கலாம். மற்றபடி சிலிண்டர் சுவரில் சில துவாரங்கள், அவ்வளவுதான். பிஸ்டன் போகவர அவற்றை மூடுகிறது, திறக்கிறது. துவாரம் எந்த உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதே இதன் இலக்கணம் முழுவதும். உலோகம் இல்லாத இடம் உலோகத்தின் குணத்தைத் தீர்மானிக்கிறது.

கவிதை விமர்சனம் எழுதுகிறவனுக்குப் பட்டறையில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்டதுண்டு. என்னிடம் ஒரு பழைய ஆர்எக்ஸ் 100 இருந்தது. 1985 கடைசியில் வந்து 1996ல் நின்றுபோன வண்டி. 98 சிசி, சிலிண்டரின் குறுக்களவு 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் 50 மி.மீ. கம்பெனி கொடுத்தது 11 குதிரைசக்தி. ராயப்பேட்டைப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் அதையே வேறு வண்டியாக்குவார் என்று கேள்விப்பட்டுப் போனேன். சோழவரம் ஓடுபாதையில் ரேஸ் நடந்த காலத்தில் வண்டிகளுக்கு வேலை செய்தவர். வண்டியைக் கொடுக்கப் போனவன், வேலை கற்றுக்கொள்ள இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க்கொண்டிருந்தேன்.

முதல் சில மாதம் அரத்தைத் தொட விடவில்லை. அளக்க மட்டும்தான். சிலிண்டருக்குள் ஒரு தாளைச் சுருட்டிவிட்டு, கிரீஸ் படிந்த விரலால் சுவரோடு தேய்த்து எடுத்தால் துவாரங்களின் விளிம்பு தாளில் பதிந்துவிடும். விரித்து மேஜைமேல் வைத்தால் வளைந்த சுவர் தட்டையான வரைபடமாகக் கிடக்கும். பிறகு தகரத்தில் ஒட்டிய டிகிரி வட்டத்தை கிராங்கில் மாட்டி, ஒவ்வொரு துவாரமும் எந்த டிகிரியில் திறக்கிறது, எதில் மூடுகிறது என்று குறிக்க வேண்டும்.

எக்ஸாஸ்ட் துவாரத்தின் மேல்விளிம்பை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால், அது திறந்திருக்கும் காலம் ஏறக்குறைய ஐந்து டிகிரி கூடுகிறது. நிமிஷத்துக்கு 9000 சுற்றில் இந்த இஞ்சின் விநாடிக்கு 150 தடவை வெடிக்கிறது. அரைச்சுற்று திறந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் வாயு வெளியேறக் கிடைப்பது விநாடியில் ஆயிரத்தில் மூன்று பங்கு. அந்த நெருக்கடியில் ஐந்து டிகிரி பெரிய தானம். ஆனால் உச்ச வேகத்தில் கொடுத்ததைக் கீழே பிடுங்கிக்கொள்கிறது. சிக்னலில் நின்று கிளம்பும்போது வண்டி நோயாளியைப் போல இருமும். அகலத்தை இஷ்டத்துக்குக் கூட்டினால் பிஸ்டன் ரிங் துவாரத்துக்குள் பிதுங்கி விளிம்பில் மாட்டி உடையும். அதனால்தான் மேல்விளிம்பு வளைவாக இருக்க வேண்டும். அரம் போட்ட ஒவ்வொரு ஓரத்தையும் எமரியால் மழுக்க வேண்டும்.

இன்னொன்று, துவாரங்களுக்கு இடையிலான காலம். எக்ஸாஸ்ட் முதலில் திறக்கிறது, டிரான்ஸ்ஃபர் பிறகு. நடுவில் உள்ள சில டிகிரிக்குள் எரிந்த வாயுவின் அழுத்தம் இறங்கியாக வேண்டும். இறங்காவிட்டால் அது டிரான்ஸ்ஃபர் வழியே திரும்பிப் புதுக் கலவையைக் கெடுக்கும். புதுக் கலவையிலும் ஒரு பகுதி எரியாமலே வெளியே ஓடப் பார்க்கும். சைலன்சர் விரிந்து குறுகும் வடிவத்தில் இருந்தால், குறுகும் முனையில் மோதித் திரும்பும் அழுத்த அலை அதை உள்ளே தள்ளிவிடும். சரியான டிகிரியில் அந்த அலை வந்து சேர வேண்டும். ஆகவே சைலன்சரைப் பார்க்காமல் துவாரத்தைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

இந்த அறிவு உலகத்தில் பரவிய விதம் யோசிக்கத் தக்கது. கிழக்கு ஜெர்மனியின் எம்இஸட் தொழிற்சாலையில் வால்டர் காடன் சுழல்தட்டு வால்வு, மூன்றாவது டிரான்ஸ்ஃபர் துவாரம், அலைக்கேற்ற சைலன்சர் மூன்றையும் ஒன்றாகப் பொருத்தினார். 1961ல் அவருடைய 125 சிசி இஞ்சின் 25 குதிரைசக்தி கொடுத்தது. பெர்லின் சுவர் எழுந்த அடுத்த மாதம், ஸ்வீடன் ரேஸுக்குப் போன அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் திரும்பவில்லை. சுஸுகியில் சேர்ந்தார். 1962ல் 50 சிசி உலகப் பட்டம் சுஸுகிக்கு. நம் இலக்கியத்தில் 'பாதிப்பு', 'தழுவல்', 'திருட்டு' என்று சண்டை வரும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை ஞாபகம் வரும். டெக்னர் வெறும் எண்களை மட்டும் கொண்டுபோயிருந்தால் அந்தப் பட்டம் கிடைத்திருக்காது. ஒவ்வொரு எண்ணும் எந்தக் கேள்விக்குப் பதில் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மேஸ்திரி எதையும் எழுதிவைக்க மாட்டார். நான் நோட்டுப் போட்டு எழுதினேன். அதில் எங்களுக்குள் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. "எழுதினா நம்பர் தங்கும் சார், கை போயிடும்" என்பார். எழுதாவிட்டால் உங்களோடு எல்லாம் போய்விடுமே என்பேன். "போவட்டுமே" என்பார்.

ஒரு பையன் பீச் ரோடு ராத்திரி ரேஸுக்குப் போர்ட் பண்ணித் தரச் சொல்லி வந்தான். மேஸ்திரி முடியாது என்றார். டிராக்கில் ஓட்டுகிறவர்களுக்குத்தான் செய்வார். சில மாதம் கழித்து அந்த வண்டியை அவனுடைய அப்பா தள்ளிக்கொண்டு வந்தார். பையன் இல்லை. வண்டியை விற்க வேண்டும், பழையபடி ஆக்கித் தர முடியுமா என்று கேட்டார். மேஸ்திரி சிலிண்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அளவு அவருடையது. பட்டறையில் இருந்து விலகிய ஒருவன் தாள் வைத்துப் பதித்து எடுத்துப்போய் வேறெங்கோ அறுத்திருக்கிறான். விளிம்பு மழுக்கவில்லை. சைலன்சர் கம்பெனி சைலன்சர். "அறுத்தத ஒட்ட முடியாதுங்க, ஸ்லீவ்தான் மாத்தணும்" என்றார். மாற்றிக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை.

பிறகு என்னைப் பார்த்து, "இப்ப சொல்லுங்க, எழுதலாமா?" என்றார்.

எழுதலாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்தத் தாளில் எழுத்தே இல்லை, வெறும் துவாரங்களின் நிழல்தான் இருந்தது. எந்த சைலன்சருக்கு, எந்த ஓட்டத்துக்கு, எதை இழக்கச் சம்மதித்து அந்த உயரம் என்பது அதில் பதியவில்லை. நம் புதுக்கவிதையிலும் பாதி இப்படித் தாள் வைத்து எடுத்த அளவுகள்தான். எங்கோ ஒரு நகரத்தில், ஒரு யுத்தத்துக்குப் பிறகு, ஒருவன் தன் மூச்சுக்கேற்ப வெட்டிய இடைவெளிகளை நாம் நம் வரிகளில் வெட்டிக்கொள்கிறோம். உச்சத்தில் ஒரு சத்தம் கேட்கிறது. சாதாரண வேகத்தில் வாக்கியம் இருமுகிறது. அங்கே யாரும் சாவதில்லை என்பதால் யாரும் ஸ்லீவ் மாற்றுவதுமில்லை.

மேஸ்திரியின் வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அந்த அப்பாவுக்கு முன்னால் நின்றுகொண்டு எழுதலாம் என்று சொல்ல என்னால் முடிந்திருக்காது. ஆனால் அதற்குப் பிறகு நோட்டு மாறிவிட்டது. ஒரு எண் எழுதினால், அது எதனோடு சேர்ந்து நிற்கிறது, எங்கே நிற்காது என்று அதற்குக் கீழே எழுதுகிறேன். ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு பக்கம் ஆகிறது.