கார்டிஃப் துறையில் கண்டது

வேல்ஸ் நாட்டின் தலைநகரம் கார்டிஃப். இலண்டன் மாநகரின் பாடிங்டன் நிலையத்தில் புகைவண்டி ஏறினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அந்நகரைச் சென்று அடையலாம். வழியில் செவர்ன் ஆற்றின் முகத்துவாரத்திற்கு அடியே குடைந்த சுரங்கப் பாதை ஒன்று குறுக்கிடுகிறது. 7 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1886-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. இருளில் நுழைந்த வண்டி வெளிச்சத்திற்கு வரும்போது நாம் வேல்ஸ் மண்ணில் இருக்கிறோம். அது முதல் நிலையங்களின் பெயர்ப் பலகைகள் இரண்டு மொழிகளில் காட்சி தருகின்றன. கார்டிஃபை அந்நாட்டு மொழியில் 'கயர்தீத்' என்கின்றனர். பிறமொழி வழங்கும் மாநிலங்களில் குடியேறி, தாய்மொழியை வீட்டுக்குள் பேணி வாழும் நம்மனோர்க்கு அப்பலகைகளைக் காண்பதே தனி மகிழ்ச்சி.

நகரின் தென்பகுதியில் உள்ளது பழைய துறைமுகம். ஒரு காலத்தில் நிலக்கரி ஏற்றுமதியில் உலகப் புகழ் பெற்று விளங்கியது அது. 1913-ஆம் ஆண்டில் மட்டும் ஒரு கோடி டன்னுக்கும் மேற்பட்ட நிலக்கரி அங்கிருந்து கப்பலேறியது. சோமாலியர், ஏமன் நாட்டினர், நார்வே நாட்டினர் எனப் பல தேசத்து மாலுமிகள் அங்கே தங்கிக் குடும்பம் நடத்தினர். நார்வே மாலுமிகள் வழிபட்ட வெண்ணிற மரக்கோயில் இன்றும் கரையில் நிற்கிறது. நிலக்கரி வாணிகம் நலிந்ததும் துறைமுகமும் நலிந்தது. பின்னர் கடல்வாயில் பெரிய அணை கட்டி, 1999-ஆம் ஆண்டில் அப்பணியை முடித்தனர். சேறு நிறைந்திருந்த விரிகுடா, ஏறத்தாழ 200 ஹெக்டேர் பரப்புள்ள நன்னீர் ஏரியாயிற்று. 1897-இல் எழுப்பிய செங்கல் மாளிகை ஒருபுறம்; 2004-இல் திறந்த பெரிய கலையரங்கம் ஒருபுறம்; 2006-இல் திறந்த சட்டமன்றக் கட்டடம் ஒருபுறம். அவற்றின் நடுவே அகன்ற சதுக்கமும், இடையறாது நீர் வழிந்தோடும் உயர்ந்த எஃகுத் தூணும் உள்ளன.

இவையெல்லாம் காணத்தக்கனவே. ஆயினும் எங்கள் கால்களை நிறுத்தியது இவற்றுள் ஒன்றும் அன்று. சதுக்கத்திலிருந்து நீர்க்கரைக்கு இறங்கிச் சென்றால் 'மெர்மெய்ட் கீ' என்னும் கடைப்பகுதி வரும். அங்கே நடைபாதையை ஒட்டிய சுவர் ஒன்றில் கடிதங்கள், படங்கள், மலர்கள், கைவண்ண ஓவியங்கள் ஆகியன நெருக்கமாகக் கட்டித் தொங்குகின்றன. மழையில் எழுத்துகள் கரையாதிருக்கப் பல கடிதங்களைக் கண்ணாடித்தாள் உறைகளில் இட்டிருந்தனர். கடைப்பகுதியை நடத்துவோரும் தம் பங்கிற்கு ஒரு நினைவுப் பலகையைப் பதித்துள்ளனர். நினைவு கூரப்பெறுபவர் பெயர் யாண்டோ ஜோன்ஸ். 2009-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் உயிர்நீத்த வேல்ஸ் இளைஞர். வியப்பு யாதெனில், அப்படி ஒருவர் பிறந்ததே இல்லை!

எங்களுடன் வந்தோருள் சிலர் நகைத்தனர். போரில் மாண்ட மறவனுக்கு நடுகல் நாட்டிய மரபில் வந்தோர் நாம். இல்லாத ஒருவனுக்கு நடுகல் எதற்கு என்று அவர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. அதற்கு விடை காண, அவ்விளைஞன் வாழ்ந்த கதையைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

1963-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிறுவனமாகிய பிபிசி 'டாக்டர் ஹூ' என்னும் அறிவியல் கற்பனைத் தொடரைத் தொலைக்காட்சியில் தொடங்கிற்று. காலத்திலும் வெளியிலும் விரும்பியவாறு பயணம் செய்யும் ஒரு விந்தை மனிதரின் கதை அது. அவர் ஊர்தியோ, வெளியே காவல்துறைத் தொலைபேசிக் கூண்டு போலச் சிறுத்தும் உள்ளே மாளிகை போல விரிந்தும் இருக்கும். கதாநாயகர் சாகும் தறுவாயில் உடல் மாறிப் புதியவராக எழுவார் என்று 1966-இல் ஓர் உத்தியைக் கண்டனர். அதனால் நடிகர்கள் மாறினாலும் கதை நின்றுவிடவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் ஓடிற்று. அதன் கிளைக்கதையாக 2006-இல் தோன்றியதே 'டார்ச்வுட்'. 'டாக்டர் ஹூ' என்பதன் ஆங்கில எழுத்துகளையே இடம் மாற்றி அமைத்த பெயர் அது. வேற்றுலகத்தாரிடமிருந்து பூமியைக் காக்கும் இரகசியக் குழுவின் கதை. அக்குழுவின் நிலவறை நாம் மேலே கூறிய சதுக்கத்திற்கு அடியில் உள்ளதாகக் கற்பனை. அதன் மறைவாயில் இந்தச் சுவரருகே உள்ளதாகவும் கற்பனை. குழுவில் காப்பி கலந்து கொடுப்பது முதல் ஆவணம் காப்பது வரை எல்லாப் பணியும் அமைதியாகச் செய்பவன் யாண்டோ. வேல்ஸ் மண்ணின் உச்சரிப்போடு பேசிய அவனை மக்கள் தம் வீட்டுப் பிள்ளையாகவே கருதினர்.

2009 ஜூலையில் ஐந்து இரவுகள் தொடர்ந்து ஒளிபரப்பிய கதையில், நான்காம் இரவு யாண்டோ இறந்தான். குழந்தைகளைக் கேட்டு மிரட்டிய வேற்றுலக உயிரை எதிர்த்து நின்றபோது, அது பரப்பிய நச்சுக்கு இரையானான். மறுநாள் முதல் இந்தச் சுவரில் கடிதங்கள் தோன்றலாயின. அவனை மீட்டுத் தரும்படி வேண்டி நேயர்கள் பலர் பிபிசிக்குக் காப்பிப் பொட்டலங்களை அனுப்பினர். அவன் கலந்து கொடுத்த காப்பியே அவர்களுக்கு விண்ணப்ப மடலாயிற்று. அதே ஆர்வலர்கள் அவன் பெயரால் குழந்தைகள் நல நிதிக்குப் பணமும் திரட்டிக் கொடுத்தனர். ஆயினும் எல்லாரும் இத்தகைய பண்புடன் நடந்தனர் என்று சொல்வதற்கில்லை. எழுத்தாளர்களுள் ஒருவர், தமக்கு வந்த வசைகளைக் குறித்து வெளிப்படையாக எழுத நேர்ந்தது. அன்பு மிகுந்த இடத்திலேயே உரிமை கொண்டாடும் சினமும் மிகும் போலும். யாண்டோ மீளவில்லை. 2011-இல் அத்தொடரும் முடிந்தது. சுவர் மட்டும் முடியவில்லை.

இது ஏதோ இளைஞர் சிலரின் விளையாட்டு என்று தள்ளிவிடலாமா? தாய்த் தொடரின் வரலாற்றைப் பார்த்தால் அவ்வாறு தள்ள மனம் வராது. அறுபதுகளில் ஒளிப்பதிவு நாடா விலையுயர்ந்த பொருள். ஒருமுறை ஒளிபரப்பிய நாடகத்தை மீண்டும் காட்டும் உரிமையும் அளவுக்கு உட்பட்டிருந்தது. ஆகவே 1967 முதல் 1978 வரை பிபிசி தன் பழைய நாடாக்களை அழித்து மறுபடியும் பயன்படுத்தியது; படச்சுருள்களையும் கழித்துக் கட்டியது. அதனால் 'டாக்டர் ஹூ' தொடரின் முதல் ஆறாண்டுப் பகுதிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை காணாமற் போயின. பின்னர் வெளிநாட்டு நிலையங்களிலும் தனியாரிடத்திலும் தேடித் தேடிச் சில மீட்கப்பெற்றன. 2013-ஆம் ஆண்டு, நைஜீரியாவின் ஜோஸ் நகரத் தொலைக்காட்சி நிலையத்தில் கிடைத்தவற்றால் தொலைந்திருந்த 9 பகுதிகள் மீண்டன. அதற்குப் பின்னரும் 97 பகுதிகள் எஞ்சி நின்றன.

இங்கேதான் நேயர்களின் பெருமை விளங்குகிறது. ஒளிபரப்பான காலத்திலேயே சில சிறுவர்களும் இளைஞர்களும் தொலைக்காட்சிப் பெட்டியின் எதிரே டேப் ரிக்கார்டரை வைத்து, நாடகத்தின் ஒலியை மட்டும் பதிவு செய்து வந்தனர். யாரும் அவர்களுக்கு அப்பணியை இடவில்லை. அடுத்த வாரம் வரை கதையை மறவாதிருக்கவே அவ்வாறு செய்தனர். அவர்களுடைய முயற்சியால், காணாமற்போன பகுதிகள் அனைத்தின் ஒலியும் இன்று நமக்குக் கிடைத்துள்ளது. அவ்வொலிக்குப் பொருத்தமாகச் சித்திரம் வரைந்து, பல பகுதிகளை மறுபடியும் வெளியிட்டுள்ளனர். படைத்தவர் எறிந்ததைக் கேட்டவர் காத்தனர்.

1989 டிசம்பர் 6-ஆம் நாள் அத்தொடரின் கடைசிப் பகுதி வெளிவந்தது. முடிவு என்று எவரும் முறையாகப் பறைசாற்றவில்லை; மறு ஆண்டு தொடரவில்லை, அவ்வளவே. ஆயினும் தயாரிப்பாளர்களுக்கு ஐயம் இருந்தபடியால், கதாநாயகர் பேசும் சிறிய விடையுரை ஒன்றை இறுதியில் சேர்த்தனர். அதனை ஒலிப்பதிவு செய்த நாள் நவம்பர் 23, தொடர் பிறந்த நாளே ஆகும்.

பின்னர் நேயர்கள் செய்தது என்ன? சிலர் முறையிட்டனர். சிலர் எழுதத் தொடங்கினர். 1991 முதல் அத்தொடரின் கதையைத் தொடர்ந்து நாவல்கள் வெளிவந்தன. எழுதியவர்களுள் பலர் தொடரின் பழைய நேயர்களே. 1999 முதல் பழைய நடிகர்களைக் கொண்டு ஒலி நாடகங்கள் வெளிவந்தன. 1996-இல் அத்தகைய நாவல் ஒன்றை எழுதியவர் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சி நகரில் பிறந்த ரஸ்ஸல் டி. டேவிஸ். அவரே 2005-ஆம் ஆண்டில் தொடருக்குப் புத்துயிர் அளித்தார்; படப்பிடிப்பும் கார்டிஃபுக்கு வந்தது. 1974-இல் பள்ளி மாணவராக இருந்து, தொடரைப் பாராட்டி 'ரேடியோ டைம்ஸ்' இதழுக்குக் கடிதம் எழுதியவர் பீட்டர் கபால்டி. 2013-இல் அவரே கதாநாயகராக அமர்ந்தார். வாசலில் நின்று கேட்ட பிள்ளை, திண்ணையில் அமர்ந்து கதை சொல்பவனாக உயர்ந்தது போன்றது இது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 2012-இல் இத்துறைமுகத்திலேயே அத்தொடருக்கென்று கட்டணக் கண்காட்சி ஒன்று திறந்தனர். 2017-இல் அதனை மூடிவிட்டனர். பொருட்செலவில் எழுப்பிய கண்காட்சி மறைந்தது; நேயர்கள் கடிதம் கட்டிய சுவர் நிலைத்தது. இதனை நேரிற் கண்டபின், முன்பு நகைத்தவர்களும் நகைக்கவில்லை. ஒருவர் நின்று, ஆங்கிலத்தில் எழுதியிருந்த கடிதம் ஒன்றை முழுவதும் படித்துவிட்டே வந்தார்.

தமிழர்க்கும் இவ்வன்பு புதிதன்று. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' முடிவுற்றபோது வாசகர்கள் மனநிறைவு கொள்ளவில்லை. இன்னின்னார் பின்னர் என்ன ஆயினர் என்று கேட்டவர்களுக்காக ஆசிரியர் முடிவுரையில் விடை கூற வேண்டியதாயிற்று. வாரந்தோறும் இதழிலிருந்து பக்கங்களைப் பிரித்தெடுத்து, ஓவியங்களோடு சேர்த்துப் பைண்டு செய்து பெட்டியில் வைத்தவர்கள் நம் வீட்டுப் பெரியவர்களே. ஊர் விட்டு ஊர் மாற்றலாகி வந்தபோது, பாத்திரம் பண்டங்களை விட்டுவிட்டும் அந்தப் பைண்டுப் புத்தகங்களைச் சுமந்து வந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. கார்டிஃப் சுவரும் அந்தப் பெட்டியும் ஓர் இனத்தைச் சேர்ந்தவை.

அப்பெட்டிகளின் இன்றைய நிலை என்ன? தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகள் வளர்ந்த வீடுகளில் அவை பழைய தாள் கடைக்குப் போகின்றன. ஒரு பைண்டுப் புத்தகம் போனால் அச்சிட்ட கதை வேறோர் இடத்தில் கிடைக்கலாம். பாட்டி அதனை இரவில் வாய்விட்டுப் படித்த குரல் எங்கும் கிடைக்காது. டேப் ரிக்கார்டரின் வேலையை இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் உள்ள கைப்பேசியே செய்துவிடும். ஆகவே அன்பர்கள் இரண்டு காரியங்கள் செய்தல் நலம். வீட்டில் உள்ள பைண்டுப் புத்தகங்களை எறியுமுன் நம் சங்க நூலகத்திற்குத் தெரிவியுங்கள். வீட்டில் உள்ள மூத்தவரை இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு கதை சொல்லச் செய்து, பிள்ளைகளின் கையால் பதிவு செய்து வையுங்கள். கதை சொல்பவர் ஒரு நாள் நிறுத்திவிடுவார். கேட்டவர் காத்து வைத்தால்தான் அடுத்தவர் தொடங்க முடியும்.