அடுத்த மூன்று முறை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இளங்கலைப் பட்டத்தோடு நேரடியாகவே முனைவர் பட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்பது எனக்கு மூன்றாம் ஆண்டில்தான் தெரிந்தது. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, புகுமுக வகுப்பு வழியாகத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன எனக்கு இதையெல்லாம் சொல்ல வீட்டில் ஆளில்லை.

என்னை உயிர்வேதிப் பொறியியலுக்கு இழுத்தது கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் பிரான்சஸ் அர்னால்டின் ஆய்வு. நொதியை எப்படி மாற்றலாம் என்று கணித்துக்கொண்டிராமல், அதன் மரபணுவில் தாறுமாறாக மாற்றங்களை உண்டாக்கினார் அவர். பாக்டீரியாவில் அவற்றை வளர்த்து, சிறந்த நொதியைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து மீண்டும் தொடங்கினார். டைமெத்தில்ஃபார்மமைடு கரைப்பானில் திணறிய சப்டிலிசின் என்னும் நொதி, மூன்றாம் தலைமுறையில் 256 மடங்கு சிறப்பாக இயங்கியது. அந்த முடிவு 1993இல் வெளிவந்தது. 2018இல் வேதியியல் நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது.

என் இறுதியாண்டு ஆய்வு மிகச் சிறியது. லிப்பேஸ் நொதியைச் சிறு மணிகளில் பிணைத்து, அதைக்கொண்டு செம்பனை எண்ணெயைப் பயோடீசலாக்க வேண்டும். முதல் சோதனையில் 91 விழுக்காடு மாறியது. அடுத்த மூன்று முறையும் 60ஐத் தாண்டவில்லை. விண்ணப்பத்துக்கான நோக்க அறிக்கையில் 91ஐ மட்டும் எழுதினேன். பொய்யில்லையே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

அம்மா தோசைக் கடை வைத்திருக்கிறார். அவர் கேட்டதால் அறிக்கையைத் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

“நொதின்னா, மாவு பொங்கிப் புளிக்குதே, அந்த மாதிரியா?”

“கிட்டத்தட்ட அப்படித்தாம்மா. மாவப் புளிக்க வைக்கிற கிருமிக்குள்ளயும் நொதிங்க இருக்கு.”

“அப்புறம் அந்த 91 மறுபடியும் வந்துச்சா?”

நான் பேசவில்லை.

“ஒருநாள் நல்லா வந்த மாவ நம்பிக் கடை போட முடியுமாம்மா?”

அன்றிரவு எனக்கு அர்னால்டின் இன்னொரு செய்தி நினைவுக்கு வந்தது. 2019இல் அவருடைய குழு வெளியிட்ட ஒரு கட்டுரையின் சோதனைகள் மறுபடி செய்தபோது பலிக்கவில்லை. 2020 ஜனவரியில் அக்கட்டுரையை மீட்டுக்கொண்டு, தம் வேலையைத் தாம் சரியாகச் செய்யவில்லை என்று வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். நோபல் பரிசு பெற்று இரண்டு ஆண்டுகூட ஆகாத நேரம் அது. அவர் ஆய்வை வியந்து ஒரு பத்தி எழுதிய நான், அதற்கு அடுத்த பத்தியிலேயே மூன்று சோதனைகளை மறைத்திருந்தேன்.

அந்தப் பத்தியை அழித்தேன். நான்கு முடிவுகளையும் எழுதினேன். மணிகளிலிருந்து நொதி கழன்றுவிடுகிறதா என்று அடுத்துச் சோதிக்கப் போவதையும் சேர்த்தேன். என் மேற்பார்வையாளர் படித்துவிட்டு, “இப்பொழுதுதான் இதில் ஓர் ஆய்வு தெரிகிறது” என்றார்.

விண்ணப்பிக்க எண்ணும் தம்பி தங்கைகளே, பரிந்துரைக் கடிதங்களை இரண்டு மாதம் முன்னதாகவே கேட்டுவிடுங்கள். அறிக்கையை வீட்டில் ஒருவருக்குத் தமிழில் சொல்லிக் காட்டுங்கள்.

எனக்கு இன்னும் பதில் வரவில்லை. நாளைக் காலை ஐந்தாம் சோதனை இருக்கிறது.