ஐந்தாவது பாயிண்ட்

மழைக்காட்டு மண் வளமானது என்று தாராவிப் பிள்ளைகளுக்குப் பல வருஷம் எழுதிப் போட்டேன். அது தப்பு. தப்பென்று தெரிந்த பிறகும் எழுதிப் போட்டேன். முதலாவதோடு நின்றிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

90 அடிச் சாலைக்குப் பின்னால் ஒரு சந்து. கீழே பை தைக்கும் பட்டறை, மேலே தகரக் கூரை போட்ட என் டியூஷன் அறை. வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பங்கள். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். எல்லாவற்றையும் மார்க்காக மாற்றித் தருவது என் தொழில். 'வெப்பமண்டல மழைக்காடுகளில் தாவரங்களின் தகவமைப்பு' என்பது அடிக்கடி வரும் கேள்வி. ஐந்து மார்க், அதனால் ஐந்து பாயிண்ட். இலையின் நுனி கூராக நீண்டு மழைநீரை வடித்துவிடும். மரங்கள் வெளிச்சத்துக்காக ஓங்கி வளரும். அடிமரத்தில் பலகை வேர் தாங்கும். கொடிகளும் தொற்றுத் தாவரங்களும் பிற மரங்கள்மேல் ஏறிக்கொள்ளும். நான்கோடு என் சரக்கு தீர்ந்தது. அவ்வளவு பச்சை இருந்தால் மண் நல்ல மண்ணாகத்தானே இருக்க வேண்டும் என்று நினைத்து, 'மண் வளமாக இருப்பதால் செடிகள் அடர்ந்து வளர்கின்றன' என்று ஐந்தாவதைச் சொந்தமாகச் சேர்த்தேன். அது தகவமைப்பே இல்லை என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. பிள்ளைகள் கோரஸாக ஒப்பித்தார்கள்.

ஒரு பெண் மட்டும் டெஸ்ட்டில் வேறு மாதிரி எழுதினாள். மண்ணில் சத்து குறைவு, அதனால் வேர்கள் ஆழம் போகாமல் மேலாகவே பரவுகின்றன என்று. சிவப்பு மையால் அடித்தேன். மறுநாள் ஒரு புத்தகத்தோடு வந்தாள். அவள் அப்பாவுக்கு ரத்திக் கடையில், அதாவது பழைய பேப்பர்க் கடையில், வேலை. பழைய பேப்பர்க் கட்டில் வந்த படப் புத்தகம் அது, அட்டை கிடையாது. பக்கத்தைப் பிரித்து, "சார், இதுல இப்படித்தான் போட்டிருக்கு" என்று நீட்டினாள். நான் வாங்கிப் பார்க்கவில்லை. "பரீட்சையைப் புத்தகமா எழுதும், நீயா எழுதுவ?" என்றேன். வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த டெஸ்ட்டில் என் வரியை எழுத்துப் பிசகாமல் எழுதி முழு மார்க் வாங்கினாள். அப்புறம் அவள் எதையும் கேட்டதில்லை. டியூஷன் வாத்தியாருக்கு இதைவிட வசதியான மாணவி கிடையாது.

அவள் புத்தகத்தை நீட்டிய அன்று ராத்திரியே தேடிப் படித்தேன். அவள் எழுதியதுதான் சரி. வருஷம் முழுக்கப் பெய்கிற மழை, கரையக்கூடிய கால்சியம், பொட்டாசியம் எல்லாவற்றையும் அலசிக் கொண்டுபோய்விடுகிறது. மிஞ்சுவது பெரும்பாலும் இரும்பும் அலுமினியமும் ஏறிய சிவந்த மண். ஜாவா மாதிரி எரிமலைச் சாம்பல் விழுந்த இடங்கள் விதிவிலக்கு. மற்ற இடங்களில் சத்தில் பெரும்பங்கு நிற்கிற மரங்களின் உடம்பில்தான் இருக்கிறது. இலை உதிர்ந்தால் அந்தச் சூட்டிலும் ஈரத்திலும் சில மாதங்களில் மக்கிவிடும். மக்கியது கீழே இறங்கித் தொலைந்துபோவதற்குள், மேலாகப் பரவிய வேர்களும் அவற்றோடு கூடி வாழும் பூஞ்சை இழைகளும் அதைப் பிடித்துக்கொள்ளும். வேர் ஆழம் போகாத மரம் 30, 40 மீட்டர் உயரத்துக்குச் சாயாமல் நிற்கத்தான் பலகை வேர். அதாவது, என்னுடைய மூன்றாவது பாயிண்ட்டுக்குக் காரணமே என் ஐந்தாவது பாயிண்ட் பொய் என்பதுதான். காட்டை வெட்டிக் கொளுத்தினால் சாம்பலின் தயவில் சில போகம் விளையும், பிறகு நிலம் கைவிரித்துவிடும்.

அமேசானைப் பற்றிய ஒரு கணக்கு என்னைத் தூங்கவிடவில்லை. சகாரா பாலைவனத்துத் தூசி அட்லாண்டிக்கைத் தாண்டிப் பறந்துவந்து அமேசானில் இறங்குகிறது. செயற்கைக்கோள் அளவீடுகளைக் கொண்டு 2015-ல் வெளியான ஆய்வின்படி, அந்தத் தூசியோடு ஆண்டுக்குச் சராசரியாக 22,000 டன் பாஸ்பரஸ் வந்து சேர்கிறது. மழையும் வெள்ளமும் அங்கிருந்து அடித்துக்கொண்டு போவதும் ஏறக்குறைய அதே அளவு. பாலைவனத்துப் புழுதியை வாங்கிப் பிழைக்கிற காட்டுக்கு நான் வளமான மண் என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் ஒரு நிமிஷ வேலை. 'அந்தப் பாயிண்ட்டை அடித்துவிடுங்கள், அவள் எழுதியதுதான் சரி' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் நோட்ஸ் ஜெராக்ஸாகிச் சந்து சந்தாகப் போயிருந்தது. வாத்தியார் தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறார் என்று ஒரு வீட்டில் பேச்சு கிளம்பினால் நாலு வீட்டுப் பிள்ளைகள் அடுத்த மாடிக்குப் போய்விடும் என்று பயந்தேன். இது வெளியே சொல்லக்கூடிய காரணம். உள்ளே இருந்தது வேறு. ரத்திக் கட்டில் வந்த புத்தகத்திடமும் அதைக் கொண்டுவந்த சின்னப் பெண்ணிடமும் தோற்க எனக்கு மனசில்லை.

இதற்கு முன்னாலேயே ஒருவர் சொல்லியிருந்தார். அப்பா. தாமிரபரணிப் பாசனத்து ஆத்தூர்க்காரர். பம்பாய்க்கு ரயிலேறும்வரை வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை. மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கிய வெற்றிலையை மடித்தபடி டியூஷன் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் ஒப்பிப்பதைக் கேட்டு ஒரு நாள், "ஏல, அம்புட்டு மழ பெஞ்சா மண்ணுல சத்து எப்படிலே நிக்கும்? அலசிட்டுல்லா போயிரும்" என்றார். "ஒங்களுக்கு என்னப்பா தெரியும், சும்மா இருங்க" என்று பிள்ளைகள் முன்னாலேயே சொன்னேன். அவர் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார்.

அவருக்குத் தெரிந்தது இது. வெற்றிலை, நிழலும் ஈரமும் கேட்கிற கொடி. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டிலிருந்து வந்த மிளகுக்குச் சொந்தக்காரி. வெட்ட வெயிலில் நட்டால் கருகிவிடும். அதனால் கொடிக்காலில் முதலில் அகத்தியை வளர்ப்பார்கள். அகத்தியின் பொடி இலை வெயிலைச் சலித்துக் கீழே விடும். பாத்திகளுக்கு நடுவே வாய்க்காலில் தண்ணீர் நிற்பதால் காற்றில் ஈரம் குறையாது. கணுவுக்குக் கணு வேர் விட்டு வெற்றிலை அகத்தியைப் பற்றிக்கொண்டு ஏறும். எட்டாத உயரம் போனால் கொடியை இறக்கிச் சுருட்டி மண்ணில் பதித்து மறுபடி கட்டுவார்கள். ஓயாமல் எரு போடுவார்கள். இவ்வளவு தண்ணீர் ஓடுகிற இடத்தில் சத்து தங்காது என்பது அங்கே கூலிக்கு நிற்கிறவனுக்கும் பாடம். என் நாலாவது பாயிண்ட்டையும் ஐந்தாவதற்கான திருத்தத்தையும் அப்பா கையால் செய்து பார்த்திருக்கிறார். 2023-ல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அந்தச் செய்தியை வகுப்பில் பெருமையாக வாசித்தேன். அப்பாவை அடக்கி உட்காரவைத்த கதையை வாசிக்கவில்லை.

அந்த அறையில் எவ்வளவு பாடம் வீணாயிற்று என்று பிற்பாடு கணக்குப் பார்த்திருக்கிறேன். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில், கழிவுநீர்க் குழாய் ஓரமாக ஓர் அரசங்கன்று நின்றது. பறவை எச்சத்தில் விழுந்த விதை. காட்டில் வேறொரு மரத்தின் கவட்டில் முளைத்து, வேரைக் கீழே இறக்கித் தரையைப் பிடிக்கிற மரம். தாராவியில் அதற்குக் குழாய் வெடிப்பே கவடு. அதன் இலை நுனியைப் போல நீண்ட நுனி வேறு எந்த இலையில் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும்? நான் போர்டில்தான் வரைந்தேன். அதே அரசு, வறண்ட ஊரிலும் அதே நுனியோடு நிற்கிறதே, அப்படியென்றால் அது மழைக்காகத்தானா என்று யாராவது கேட்டுவிட்டால்? எர்ன்ஸ்ட் ஸ்டால் என்ற ஜெர்மானியர் ஜாவாவிலிருந்து திரும்பி 1893-ல் மழையையும் இலை வடிவத்தையும் பற்றி எழுதிய நாள்முதல் அந்தக் கேள்வி ஓய்ந்தபாடில்லை. நுனியுள்ள இலை சீக்கிரம் காய்கிறது என்கிறார்கள் சிலர். நுனி இருந்தாலும் இலைமேல் படரும் பாசிக்காளானுக்கு ஒரு குறையும் இல்லை என்கிறார்கள் சிலர். நான் அதைப் பஞ்சாங்கம் மாதிரி எழுதிப் போட்டேன்.

மும்பை மழைக்காடு இல்லை என்பதே தனிப் பாடம். 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. மழை அளவில் நமக்குக் குறையில்லை. ஆனால் பெய்வதெல்லாம் நாலு மாதம், பிறகு எட்டு மாதம் வறட்சி. அந்த வறட்சியைத் தாங்க இங்கே மரங்கள் இலையை உதிர்க்கின்றன.

ஐந்து பாயிண்ட்டில் அடங்காததும் உண்டு. மழைக்காட்டுத் தரைக்கு வெளிச்சம் நூற்றில் இரண்டு பங்கு வந்தால் அதிகம். எனவே செடி வெளிச்சத்தை நோக்கித்தான் வளரும் என்று எல்லாரும் சொல்லுவோம். கோஸ்டாரிகாவில் மான்ஸ்டெரா என்ற கொடியின் நாற்று நேர் எதிராக, இருட்டை நோக்கி ஊர்கிறது என்று 1975-ல் டொனால்ட் ஸ்ட்ராங், தாமஸ் ரே இருவரும் காட்டினார்கள். பக்கத்தில் அடர்ந்த நிழல் என்றால் அங்கே ஒரு பெரிய மரம் இருக்கிறது. அதைத் தொட்டபின்தான் கொடி புத்தியை மாற்றிக்கொண்டு வெளிச்சத்துக்கு ஏறும். செம்பூர் ஃபிளாட் வராந்தாக்களில் தொட்டி தொட்டியாக வைத்திருக்கும், இலையில் ஓட்டை விழுந்த அழகுச் செடி இதன் நெருங்கிய உறவு. அந்தப் பெண்ணுக்கு இதைச் சொல்லியிருந்தால் நிச்சயம் அடுத்த கேள்வி கேட்டிருப்பாள்.

இப்போது திருத்திச் சொல்லிக்கொடுக்கிறேன். எப்போது திருத்தினேன் தெரியுமா? அவள் படிப்பு முடிந்து, அந்தக் குடும்பம் வேறு பக்கம் குடிபோன பிறகு. யாரும் கேட்க மாட்டார்கள் என்று உறுதியானதும். புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் போன மழைக்காலத்தில் அக்காவிடமிருந்து கிடைத்த ஜெராக்ஸைக் கொண்டுவந்து ஐந்தாவது பாயிண்ட்டை வாசித்தான். அடிக்கச் சொன்னேன், காரணத்தையும் விளக்கினேன். "இவ்ளோ தப்பா யாரு சார் எழுதினது?" என்றான். "யாரோ" என்றேன். மேலே இருந்த என் பெயரை யாரோ மறைத்துவிட்டு ஜெராக்ஸ் எடுத்திருந்தார்கள். எனக்கு அது வசதியாகப் போயிற்று.